ஸ்டார் ட்ரெக்: முதல் படமா, இரண்டாவதா?

#1 வால்மீன்

அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் மறுபடி பார்த்தேன். 1979இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்’, 1982இல் வந்த ‘தி ராத் ஆஃப் கான்’. இந்த வரிசையில் எது சிறந்த படம் என்று ரசிகர்களைக் கேட்டால் பெரும்பாலும் கான் என்றுதான் பதில் வரும். முதல் படத்தைக் கேட்டால் ஒரு கொட்டாவி வரும். கான் நல்ல படம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஸ்டார் ட்ரெக் என்ற பெயருக்குத் தகுந்த படம் முதல் படம்தான் என்பது என் கட்சி. (முடிவுகளைச் சொல்லித்தான் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

கதை தெரிந்ததுதான். ஒரு பெரிய மேகம், கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் மூன்று கப்பல்களை விழுங்கிவிட்டுப் பூமியை நோக்கி வருகிறது. பதவி உயர்ந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்ட பழைய கேப்டன் கர்க், டெக்கர் என்ற இளைஞனிடமிருந்து எண்டர்பிரைஸ் விண்கப்பலைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறார். மேகத்தின் நடுவில் ‘வீஜர்’ என்ற பெயரில் இருப்பது வாயேஜர் 6. இருபதாம் நூற்றாண்டில் நாமே அனுப்பியதாகக் கதை சொல்லும் ஒரு சின்ன விண்கலம். எங்கோ ஓர் இயந்திர உலகம் அதற்குப் புதிய உடம்பைக் கொடுத்திருக்கிறது. பார்த்ததையெல்லாம் கற்றுக்கொண்டு, “இவ்வளவுதானா நான்?” என்று தன்னைப் படைத்தவரிடம் கேட்கத் திரும்பி வந்திருக்கிறது.

எதிரி என்று யாருமே கிடையாது. படம் முழுக்க எண்டர்பிரைஸ் ஒரே ஒரு முறைதான் சுடுகிறது, அதுவும் புழுத்துளைக்குள் சிக்கியபோது எதிரே வந்த ஒரு பாறையை. பூமியே அழியப் போகிறது, ஆனால் பிரச்சினை தீர்வது ஒரு மனிதன் தானாக முன்வந்து அந்த இயந்திரத்தோடு கலப்பதால். இப்படி ஒரு முடிவை இன்றைக்கு எந்த ஸ்டுடியோ ஒப்புக்கொள்ளும்?

#2 ரீல்பெட்டி

வால்மீன் அண்ணா, நீங்கள் கதையைச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதுதான் கஷ்டம்.

கர்க்கும் பொறியாளர் ஸ்காட்டியும் ஒரு சின்னப் பெட்டியில் ஏறிக் கப்பலைச் சுற்றிவருவதற்கே ஐந்து நிமிடம் போகிறது. பிறகு மேகத்துக்குள் போகிறார்கள், திரையைப் பார்க்கிறார்கள். இன்னும் உள்ளே போகிறார்கள், இன்னும் திரையைப் பார்க்கிறார்கள். 132 நிமிடப் படத்தில் கப்பல் குழுவின் சூலுவும் உஹுராவும் செய்வது வாயைத் திறந்து வியப்பது மட்டும்தான். அந்தக் கதைகூடப் புதிதில்லை. 1967இல் தொலைக்காட்சித் தொடரிலேயே ‘தி சேஞ்ச்லிங்’ என்ற அத்தியாயத்தில் பூமியின் பழைய விண்கலம் ஒன்று வேற்றுக்கிரக இயந்திரத்தோடு கலந்து, தன்னைப் படைத்தவனைத் தேடி வந்துவிட்டது.

கானில், அதாவது கர்க்கைப் பழிவாங்க வரும் வில்லன் கானின் கதையில், முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். கோபயாஷி மாரு தேர்வு, ஜெயிக்கவே முடியாத பரீட்சை. அப்புறம் கர்க்கின் பிறந்தநாள். வல்கன் கோளைச் சேர்ந்த நண்பர் ஸ்பாக் ஒரு பழைய நாவலைப் பரிசளிக்கிறார், கப்பல் மருத்துவர் மெக்காய் படிக்கிற கண்ணாடி தருகிறார். விண்வெளி வீரனுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி! ஒரே பொருளில் அந்த ஆளின் வயது, வருத்தம், பயம் எல்லாம் வந்துவிட்டது. முதல் படத்தில் நாலரைக் கோடி டாலர் செலவழித்தும் கிடைக்காத மனிதன், இங்கே அதில் கால்வாசிப் பணத்தில் கிடைத்துவிட்டான்.

#3 செம்மண்

நான் 2009 முதல் வந்த மூன்று படங்களை மட்டும் பார்த்தவன். ‘இன்டு டார்க்னெஸ்’ படத்தில் வரும் கானும் இந்தக் கானும் ஒரே ஆளா? அந்தப் படத்தில் பெயரைச் சொல்லும்போது எல்லோரும் அதிர்ச்சியாக வேண்டும் என்பதுபோல இசை எழும்பியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

#4 ரீல்பெட்டி

ஒரே ஆள்தான் தம்பி. உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அந்தப் படம் 1982இல் சம்பாதித்த பணத்தை 2013இல் செலவு செய்தது.

#5 பழைய புரொஜெக்டர்

முதல் படம் ஏன் அப்படி இழுக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு திட்டினால் நல்லது.

தொடர் 1969இல் நின்றுபோனது. மறு ஒளிபரப்பில்தான் அதற்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. எழுபதுகளின் நடுவில் பாரமவுண்ட் ஸ்டுடியோ ஒரு படம் எடுக்கப் பார்த்துக் கைவிட்டது. பிறகு ‘ஃபேஸ் 2’ என்ற பெயரில் புதிய தொலைக்காட்சித் தொடருக்கு வேலை தொடங்கியது. அந்தச் சமயத்தில் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து வசூலை அள்ளியது, அதே ஆண்டு ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ படமும் ஓடியது. சின்னத்திரைக்கு எழுதிய முதல் அத்தியாயம் பெரிய திரைப் படமாக மாறிவிட்டது. சின்னத்திரைக் கதையைப் பெரிய திரைக்கு இழுத்தது போலத் தோன்றுகிறதென்றால், காரணம் இதுதான்.

இயக்குநர் ராபர்ட் வைஸ் சாதாரண ஆள் இல்லை. ‘சிட்டிசன் கேன்’ படத்தொகுப்பாளர். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்தவர். 1951இலேயே ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ எடுத்து அறிவியல் புனைகதைப் படத்துக்கு மரியாதை தேடித்தந்தவர். அவருக்குக் கிடைக்காமல் போனது நேரம். காட்சி விளைவுகளுக்கு முதலில் அமர்த்திய நிறுவனத்தின் வேலை திருப்தி தராமல், படப்பிடிப்பு முடிந்த பிறகு டக்ளஸ் ட்ரம்புல்லையும் ஜான் டைக்ஸ்ட்ராவையும் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. ஆனால் டிசம்பர் 7 வெளியீடு என்று திரையரங்குகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை. விளைவுக் காட்சிகள் கடைசி நேரத்தில் வந்து சேர, வந்ததை அப்படியே ஒட்டினார்கள். முன்னோட்டக் காட்சி போட்டுப் பார்க்கவில்லை. வாஷிங்டன் சிறப்புக் காட்சிக்குப் படப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனவர் வைஸ்தான்.

அவரைப் பொறுத்தவரை திரையரங்குக்குப் போனது முடிக்காத படம். 2001இல்தான் இயக்குநர் பதிப்பு என்று அவர் அதை முடித்தார். நீளமான காட்சிகள் ஒழுங்குபட்டன. ஒரு சின்ன மாற்றம் எனக்குப் பிடிக்கும். மூலப் படத்தில் அந்த மேகத்தின் குறுக்களவு 82 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) என்று வசனம் வரும். நெப்டியூனின் சுற்றுப்பாதையின் குறுக்களவே 60 அலகுதான். அவ்வளவு பெரிய மேகம் “பூமியை நோக்கி வருகிறது” என்று சொல்லவே முடியாது, சூரியக் குடும்பம் மொத்தமும் ஏற்கெனவே அதற்குள் இருக்கும். புதிய பதிப்பில் 2 அலகு ஆக்கிவிட்டார்கள்.

#6 ரீல்பெட்டி

வரலாறு புரிகிறது சார். ஆனால் டிக்கெட் வாங்கியவனிடம் இந்தக் கதையெல்லாம் சொல்ல முடியாதே.

#7 பழைய புரொஜெக்டர்

டிக்கெட் வாங்கியவன் குறையில்லாமல்தான் வாங்கினான். அமெரிக்காவில் முதல் படத்தின் வசூல் சுமார் 8.2 கோடி டாலர், கான் சுமார் 7.9 கோடி. முதல் படம் தோற்றது என்று பலர் நினைக்கிறார்கள். செலவுதான் எல்லை மீறிப் போனது. ஃபேஸ் 2க்குச் செலவழித்ததையும் இதன் தலையில் எழுதினார்கள்.

அதனால் இரண்டாம் படத்துக்குத் தயாரிப்பாளராகத் தொலைக்காட்சியிலிருந்து ஹார்வ் பென்னட்டைக் கொண்டுவந்தார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஆலோசகராக ஓரம் கட்டப்பட்டார். பென்னட் செய்த முதல் வேலை, பழைய தொடரின் 79 அத்தியாயங்களையும் போட்டுப் பார்த்தது. அதில் 1967இல் வந்த ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயத்தில் கான் கண்ணில் பட்டான். இயக்குநர் நிக்கலஸ் மேயருக்கு ஸ்டார் ட்ரெக் பரிச்சயமே கிடையாது. கையில் இருந்த பல திரைக்கதைகளில் எல்லோருக்கும் பிடித்த பகுதிகளைப் பட்டியல் போடச் சொல்லி, 12 நாளில் ஒன்றாக எழுதிக்கொடுத்தார். பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சிக்கனத்தைக் கேளுங்கள். கானில் எண்டர்பிரைஸ் துறையிலிருந்து புறப்படும் காட்சியில் பெரும்பகுதி முதல் படத்தின் காட்சித் துண்டுகள். கோபயாஷி மாரு தேர்வில் வரும் கிளிங்கான் கப்பல்களும் அப்படியே. முதல் படத்தில் பூமிக்கு மேலே மிதக்கும் அலுவலக நிலையத்தின் மாதிரியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள், அதுதான் ரெகுலா ஆய்வுக்கூடம். கானின் கப்பலான ரிலையன்டின் கட்டுப்பாட்டறையும் எண்டர்பிரைஸின் அறையும் ஒரே செட், கொஞ்சம் மாற்றி அமைத்தது. கர்க்கும் கானும் படத்தில் ஒரு முறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் திரை வழியாகத்தான். இருவரின் காட்சிகளும் தனித்தனியே எடுக்கப்பட்டவை.

#8 வால்மீன்

> முதல் படத்தின் காட்சித் துண்டுகள்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அண்ணன் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் தம்பி கல்யாணம் நடத்திப் பேர் வாங்கிய கதை இது. கான் மலிவாக எடுக்கப்பட்டது என்று பாராட்டும்போது அந்தக் கடனையும் கணக்கில் வையுங்கள்.

#9 இசைப்பித்தன்

இசையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முதல் படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித். அவர் முதலில் போட்ட இசையைக் கேட்டுவிட்டு வைஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால் பாய்மரக் கப்பல் ஞாபகம் வருகிறது, இதில் ஒரு மெட்டே இல்லையே என்றார். கோல்ட்ஸ்மித் கோபத்தை அடக்கிக்கொண்டு திரும்பப் போய் எழுதியதுதான் இன்றைக்கு உலகத்துக்கே தெரிந்த அந்த அணிவகுப்பு மெட்டு. அது பிறகு 1987இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் முகப்பு இசையாகவும் ஆனது. கான் ரசிகர்களில் பலர் ஸ்டார் ட்ரெக் என்றதும் வாயில் முணுமுணுப்பது அவர்கள் திட்டும் படத்தின் மெட்டு!

இரண்டாம் படத்தில் கோல்ட்ஸ்மித்துக்குப் பணம் இல்லை. 28 வயது ஜேம்ஸ் ஹார்னரைப் பிடித்தார்கள். மேயர் அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? கடல் வாசம் அடிக்கிற இசை. அதாவது, ஒருவர் எதற்காக இசையைத் திருப்பி அனுப்பினாரோ அதையே இன்னொருவர் வேண்டிக் கேட்டு வாங்கினார். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதிலேயே தெரிந்துவிட்டது. வைஸுக்கு விண்வெளி என்பது யாரும் போகாத இடம். மேயருக்கு அது சமுத்திரம், அதில் இரண்டு போர்க்கப்பல்கள். அதனால்தான் கானில் மாலுமிச் சீட்டியும் மெரூன் நிறக் கடற்படை உடுப்பும் வருகின்றன.

இன்னொன்று. வீஜர் வரும்போதெல்லாம் அடிவயிற்றைக் கலக்கும் ஓர் உலோக உறுமல் கேட்குமே, அது கணினி ஒலி இல்லை. பிளாஸ்டர் பீம் என்ற நீளமான கருவி, கம்பிகள் கட்டியது, கிரெய்க் ஹக்ஸ்லி வாசித்தது. நல்ல ஒலிபெருக்கியில் அதை ஒரு தடவை கேளுங்கள். ரீல்பெட்டி சொல்கிற அந்த “திரையைப் பார்க்கிறார்கள்” காட்சிகள் இசைக்காகவே தாங்கும். அந்தக் காட்சிகளில் வசனம் கிடையாது, பேசுவதெல்லாம் கோல்ட்ஸ்மித்தான்.

#10 ரீல்பெட்டி

பித்தன் அண்ணா சொன்ன கடல் விஷயம் சரி. அந்தக் கடல்தான் கானின் பலமே.

முட்டாரா நெபுலா என்ற விண்வெளி மேகத்துக்குள் நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வந்த விண்வெளிச் சண்டையெல்லாம் விமானச் சண்டை மாதிரி, விர் விர் என்று பறக்கும். இங்கே இரண்டு கப்பலும் ஏற்கெனவே அடிபட்டு நொண்டிக்கொண்டு வருகின்றன. மேகத்துக்குள் போனதும் திரையில் இரைச்சல், கேடயம் வேலை செய்யாது. நீர்மூழ்கிக் கப்பல் படம் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு நொடியும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கான் பெரிய அறிவாளிதான், ஆனால் அவனுக்கு அனுபவம் இல்லை, யோசனை இரண்டு பரிமாணத்திலேயே நிற்கிறது என்று ஸ்பாக் கண்டுபிடிக்கிறார். கர்க் கப்பலைக் கீழே இறக்கி, ரிலையன்ட் கடந்துபோன பிறகு அதன் முதுகுக்குப் பின்னால் எழுப்புகிறார். வேகம் குறைவாக இருந்தாலும் விறுவிறுப்பு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆகவே முதல் படத்தின் குறை மெதுவாகப் போவது இல்லை. மெதுவாகப் போகும்போது நாம் எதற்காகப் பயப்பட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

#11 பழைய புரொஜெக்டர்

படத்தின் தோற்றத்தில் முதல் படத்தை அடிக்க முடியாது என்பேன். அந்த எண்டர்பிரைஸ் மாதிரிக்கு முத்துப்போல மினுங்கும் வண்ணம் பூசியிருந்தார்கள். கப்பல் தன் விளக்குகளாலேயே தன்னை ஒளியூட்டிக்கொள்வது போல ட்ரம்புல் ஒளியமைத்தார். ஆழ்ந்த விண்வெளியில் வேறு வெளிச்சம் ஏது என்ற நியாயம்தான். இரண்டாம் படத்தில் காட்சி விளைவுகளைச் செய்த ஐ.எல்.எம். நிறுவனத்து ஆட்கள், நீலத்திரையில் பிரதிபலிக்கிறது என்று அந்த மினுமினுப்பை மங்கச் செய்துவிட்டார்கள். அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் கானிலும் ஒரு மைல்கல் உண்டு. செத்த கோளொன்று நெருப்பாகி, மலையும் கடலும் முளைக்கும் ஜெனிசிஸ் விளக்கப்படம். முழுக்கக் கணினியிலேயே உருவான காட்சி, கதைப்படங்களில் அதுதான் முதல் தடவை. செய்தது லூகாஸ் ஃபிலிமின் கணினிப் பிரிவு. அந்தக் குழுதான் பிறகு பிக்சார் ஆனது.

#12 சும்மா வந்தவன்

வாயேஜர் என்றதும் ஞாபகம் வந்தது. 1977இல் நிஜமான வாயேஜர்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. தமிழ் இல்லை. வீஜர் திரும்பி வந்தால் நம்மிடம் பேசாது 😀

#13 மட்டுறுத்துநர்

இதற்குத் தனி இழை ஏற்கெனவே மூன்று இருக்கிறது, மூன்றையும் பூட்டியாகிவிட்டது. படங்களைப் பற்றி மட்டும்.

#14 தாரகை

மொழி வேண்டாம், இந்தியாவைப் பற்றிப் பேசலாமா? ஏனென்றால் இரண்டு படத்திலும் இந்தியா இருக்கிறது, இரண்டு விதமாக.

முதல் படத்தின் ஐலியா, பம்பாயில் பிறந்த பெர்சிஸ் கம்பாட்டா. 1965 மிஸ் இந்தியா. அந்தப் பாத்திரத்துக்காகத் தலையை மழுங்கச் சிரைத்துக்கொண்டார். ஹாலிவுட்டின் பெரிய படமொன்றில் ஓர் இந்தியப் பெண் முக்கியப் பாத்திரத்தில், அதுவும் புடவை, பொட்டு, வளையல் எதுவும் இல்லாமல், வேற்றுக்கிரக வழிகாட்டியாக! 1980இல் ஆஸ்கர் மேடையில் விருது வழங்கவும் வந்தார். ஆனால் படம் அவருக்கு என்ன செய்தது என்று பார்த்தால் கோபம் வருகிறது. பாதியில் ஐலியாவைக் கொன்றுவிட்டு, அதே உருவத்தில் ஓர் இயந்திரத்தை அனுப்புகிறார்கள். அந்த இயந்திரத்துக்குக் குட்டை அங்கி, குதிகால் செருப்பு. நட்சத்திரங்களையெல்லாம் கற்றுத் தேர்ந்த வீஜருக்கு இந்த ரசனை எங்கிருந்து வந்தது? இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மா கண்ணைச் சிமிட்டாமல் அந்த இயந்திரத்துக்கு ஒரு சோகத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்.

கானின் முழுப் பெயர் கான் நூனியன் சிங். ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயத்திலேயே, இவன் வட இந்தியாவைச் சேர்ந்தவன், அநேகமாகச் சீக்கியன் என்று ஒரு வசனம் வருகிறது. நடித்தவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மொண்டல்பான். நடிப்பில் குறை சொல்ல முடியாது. திறந்த மார்போடு வசனத்தை ருசித்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பெயரைத் தவிர அவனிடம் இந்தியா என்று ஒன்றும் இல்லை. 2013இல் அந்தப் பாத்திரம் வெள்ளைக்கார பெனடிக்ட் கம்பர்பாட்சிடம் போனபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அதற்கான விதை 1967லேயே போட்டாகிவிட்டது.

#15 ரீல்பெட்டி

தாரகை அக்கா, பெண்களைப் பொறுத்தவரை கான் கொஞ்சம் பரவாயில்லை. ஜெனிசிஸ் திட்டமே கேரல் மார்கஸ் என்ற விஞ்ஞானியுடையது. சாவிக் என்ற இளம் அதிகாரியாக வரும் கிர்ஸ்டி ஆலிக்கு அது முதல் படம். கர்க்கிடமே விதிமுறை பேசுகிற துணிச்சலான வேடம். உஹுராவுக்கு இரண்டிலும் வேலை இல்லை, அது தனி அநியாயம்.

#16 வால்மீன்

எனக்குக் கான் படத்தின் மீது இருக்கும் உண்மையான வருத்தத்தை இன்னும் சொல்லவில்லை. அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தில் எனக்குக் குறையில்லை, அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

கான் ஜெயித்ததும் ஸ்டுடியோ ஒரு பாடம் கற்றுக்கொண்டது: பழி வாங்கத் துடிக்கும் ஒருவன் வேண்டும், அவனிடம் ஒரு பேரழிவு ஆயுதம் வேண்டும், கடைசியில் யாராவது சாக வேண்டும். 2002இல் ‘நெமெசிஸ்’: ஷின்ஸான், ஓர் ஆயுதம், டேட்டா என்ற இயந்திர மனிதனின் உயிர்த்தியாகம். 2009: நீரோ, பழி, கோள்களை விழுங்கும் ஆயுதம். 2013: மறுபடி கானே. 2016: கிரால், மறுபடி பழி. தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் புதிய உலகங்களைத் தேடிப் போவதாக ஒவ்வொரு வாரமும் சொன்னார்களே, அது எங்கே? எதையாவது பார்த்து மலைத்து நிற்கும் ஒரு காட்சியையாவது காட்டுங்கள். முதல் படத்துக்குப் பிறகு அந்த மலைப்பு படங்களிலிருந்து வடிந்தேவிட்டது.

#17 ரீல்பெட்டி

நகல் எடுத்தவர்கள் செய்த தப்புக்கு மூலத்தைத் தண்டிக்கலாமா?

அவர்கள் கானின் கோபத்தை நகல் எடுத்தார்கள். ஆனால் படம் கானைப் பற்றியதே இல்லை. கோபயாஷி மாரு தேர்வில் கர்க் எப்படி ஜெயித்தார்? கணினி நிரலை மாற்றி ஏமாற்றினார். வாழ்நாள் முழுக்கச் சாவை அப்படி ஏமாற்றியே வந்தவருக்கு, ஏமாற்ற முடியாத ஒன்று கடைசியில் வருகிறது. கதிர்வீச்சு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்பாக். “நான் அந்தத் தேர்வை எழுதியதே இல்லை” என்று ஸ்பாக் சொல்கிறாரே, அந்த வசனத்துக்கு முதல் காட்சியிலேயே விதை போட்டிருக்கிறார்கள். ‘இன்டு டார்க்னெஸ்’ அதே காட்சியை ஆளை மாற்றி எடுத்தது. யாராவது அழுதீர்களா? அந்த இருவரும் பழகியே இரண்டு படம்தான். 1982இல் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களைப் பார்வையாளர்கள் 16 வருடமாக அறிவார்கள்.

#18 தாரகை

அந்தக் கண்ணாடிக் காட்சியைப் பற்றி ஒன்று. நீங்கள் இருவரும் எதிரெதிரே நிறுத்தும் படங்களை ஸ்பாக் வழியாகப் பார்த்தால் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

முதல் படத்தில் ஸ்பாக் வல்கன் கோளில் எல்லா உணர்ச்சியையும் துறக்கும் சடங்கில் நிற்கிறார். கடைசி நொடியில் தவறுகிறார். வீஜரின் எண்ணம் எங்கிருந்தோ அவரைத் தொட்டுவிட்டது. தான் தேடும் முழுமையான தர்க்கம் வீஜரிடம் இருக்கும் என்று நம்பி, தனியாக விண்வெளி உடையில் அதற்குள் பாய்கிறார். அதன் மனதைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே வெறுமை. எல்லா அறிவும் இருக்கிறது, அழகு தெரியவில்லை, நம்பிக்கை இல்லை. மருத்துவ அறையில் கண் விழித்து, கர்க்கின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இந்த எளிய உணர்வு அதற்குப் புரியாது என்கிறார். இயக்குநர் பதிப்பில் பிறகு வீஜருக்காகக் கண்ணீரும் விடுகிறார், தன் உடன்பிறப்புக்கு அழுவது போல.

அந்த ஸ்பாக்தான் கானில் அவ்வளவு அமைதியாக இருக்கிறார். பிறந்தநாள் பரிசு கொடுக்கிறார், மாணவர்களுக்குக் கப்பலை விட்டுக்கொடுக்கிறார், நேரம் வந்ததும் தயக்கமே இல்லாமல் அந்த அறைக்குள் நடக்கிறார். முதல் படத்தில் பிடித்த கையைத்தான் இதில் கண்ணாடி தடுக்கிறது. மேயர் முதல் படத்தை மனதில் வைத்து எடுத்தார் என்று சொல்லவில்லை. கானில் முதல் படத்தின் சம்பவங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் இரண்டையும் தன் உடம்பில் சேர்த்துவைத்திருக்கிறார்.

#19 வால்மீன்

தாரகை, இதை நான் யோசிக்கவில்லை. நன்றி. கட்சி மாறவில்லை, ஆனால் கண்ணாடிக் காட்சியை இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

#20 பழைய புரொஜெக்டர்

வால்மீன் சொன்ன “வடிந்தேவிட்டது” என்பதற்கு ஒரு மறுப்பு. 1986இல் வந்த நான்காவது படம் ‘தி வாயேஜ் ஹோம்’. இனம் தெரியாத ஒரு பெரிய பொருள் பூமியை நோக்கி வருகிறது. யாருக்கும் புரியாத மொழியில் கேள்வி கேட்கிறது. பதில் கிடைக்காவிட்டால் பூமி அழியும். அது தேடுவது திமிங்கிலங்களை. வில்லன் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது. எலும்பும் சதையுமாக முதல் படத்தின் கதைதான், மேலே நகைச்சுவையைப் பூசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் மூன்று படங்களையும்விட அதிகமாக வசூலித்தது. எழுதியவர்களில் இருவர் யார்? ஹார்வ் பென்னட், நிக்கலஸ் மேயர். கானை உண்டாக்கிய அதே கைகள்.

ஆக அந்த வழி அடைபடவில்லை. பிறகு வந்தவர்கள்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

#21 செம்மண்

இவ்வளவு படித்த பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. முதல் படத்தில் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

#22 பழைய புரொஜெக்டர்

2022இல் 4கேயில் மெருகேற்றி வந்த இயக்குநர் பதிப்பு. பெரிய திரை, நல்ல ஒலி, கைப்பேசியில் வேண்டவே வேண்டாம். பிறகு ‘ஸ்பேஸ் சீட்’ அத்தியாயம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். அதற்குப் பிறகு கான். ‘ஸ்பேஸ் சீட்’ பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கான் படத்தில் வில்லன், எண்டர்பிரைஸின் பழைய அதிகாரி செக்காவைப் பார்த்ததும் முகம் மறக்கவில்லை என்கிறான். ஆனால் அந்த அத்தியாயம் வந்தபோது செக்காவ் தொடரிலேயே சேர்ந்திருக்கவில்லை.

#23 செம்மண்

பார்த்தாகிவிட்டது.

முதலில் ஒரு விஷயம். முதல் படத்தில் கர்க் எனக்கு வில்லனாகத் தெரிந்தார், அதை ஏன் யாரும் சொல்லவில்லை? டெக்கர்தான் அந்தக் கப்பலைப் பிரித்துப் புதிதாகக் கட்டியவன். கர்க் மேலிடத்தில் பேசி அவன் நாற்காலியைப் பிடுங்குகிறார். புதிய கப்பலில் வழி தெரியாமல் தாழ்வாரத்தில் விழிக்கிறார். இயந்திரம் தயாராகாமலே வேகத்தைக் கூட்டச் சொல்லிப் புழுத்துளையில் மாட்டவைக்கிறார். அங்கே அவர் கொடுத்த கட்டளை கப்பலையே அழித்திருக்கும், டெக்கர்தான் மாற்றிக் காப்பாற்றுகிறான். மெக்காய் முகத்துக்கு நேராகவே சொல்கிறார், உனக்குக் கப்பல் மேல் வெறி என்று. கடைசியில் டெக்கர் வீஜரோடு கலந்து காணாமல் போனதும் ஐயா நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்து “அந்தப் பக்கம் போ” என்று கையைக் காட்டுகிறார்! அந்தப் பையனுக்காக ஒரு நிமிடம் மௌனம்கூட இல்லை.

அதற்கு அடுத்து கானைப் பார்த்தேன். கிழிந்துபோய் நிற்கும் கர்க்கைப் பார்த்தபோது, அவருக்குச் சேர வேண்டியது ஒரு படம் தாமதமாக வந்து சேர்ந்ததாகத்தான் பட்டது. என் ஓட்டு கானுக்கு. ஆனால் கப்பலைச் சுற்றிவரும் அந்த ஐந்து நிமிடத்தை நான் ஓட்டவில்லை, முழுசாகப் பார்த்தேன்.

#24 ரீல்பெட்டி

தம்பி ஓட்டு நமக்கு. அந்த ஐந்து நிமிடத்தை மன்னித்துவிடுகிறேன்.

#25 வால்மீன்

டெக்கர் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தானே, அது போதும். செம்மண், இனி மூன்றாம் படத்தைப் பாருங்கள். கர்க் அந்தக் கப்பலையே என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

#26 மட்டுறுத்துநர்

மூன்றாம் படத்துக்குப் புது இழை திறங்கள். தலைப்பில் ‘முடிவு சொல்லப்படும்’ என்று போட மறக்க வேண்டாம்.